வயல் முழுக்கப் பனி, ஆனாலும் பையில் காய்கறி: அமெரிக்காவின் சமூகப் பண்ணைகள் குளிர்காலத்தை எப்படிச் சமாளிக்கின்றன?

வயலில் எந்தச் செடியும் வளராத மூன்று மாதம். மண்வெட்டி இறங்காத அளவுக்கு உறைந்துபோன மண். இப்படிப்பட்ட ஊரில் காய்கறிப் பண்ணை நடத்துபவர்கள் குளிர்காலத்தில் என்ன செய்வார்கள்? கடையை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவார்களா?

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் வெர்மான்ட், மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், மாசசூசெட்ஸ் மாநிலங்களில் ஜனவரி இரவு என்றால் மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் என்பதெல்லாம் ரொம்ப சாதாரணம். ஆனால் அங்கே இருக்கும் பல சமூகப் பண்ணைகள் டிசம்பரிலும் பிப்ரவரியிலும் உறுப்பினர்களுக்குக் காய்கறிப் பை கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. அது எப்படிச் சாத்தியம்? அதைவிட முக்கியமாக, அந்தப் பண்ணைகளின் அடுத்த வருடத் தலையெழுத்தே குளிர்காலத்தில்தான் முடிவாகிறது என்கிறார்களே, ஏன்? பார்க்கலாம்.

முதல்ல, சமூகப் பண்ணைன்னா என்ன?

ஒரு பண்ணை. அதைச் சுற்றி இருக்கும் சில நூறு குடும்பங்கள். வருடத் தொடக்கத்திலேயே அந்தக் குடும்பங்கள் பண்ணைக்குப் பணம் கட்டிவிடும். இதற்குப் பெயர் 'பங்கு'. அந்தப் பணத்தில் விதை, உரம், டீசல், கூலி எல்லாம் நடக்கும். அறுவடை தொடங்கியதும் ஒவ்வொரு வாரமும் விளைந்ததில் ஒரு பகுதி ஒவ்வொரு குடும்பத்துக்கும் போகும்.

அவ்ளோதானா என்றால், இல்லை. இதில் ஒரு முக்கியமான நிபந்தனை இருக்கிறது. விளைச்சல் அமோகமாக இருந்தால் பை நிறைய வரும். மழை பெய்து கெடுத்தால், பூச்சி அடித்தால் பை இளைத்துவிடும். அதற்காகப் பணத்தைத் திருப்பிக் கேட்பது வழக்கமில்லை. அதாவது, லாபத்தில் மட்டுமல்ல, நஷ்டத்திலும் சாப்பிடுகிறவர்களுக்குப் பங்கு உண்டு.

இது எங்கே தொடங்கியது?

ஜப்பானில் 1970களில் 'தெய்கெய்' என்ற பெயரில் விவசாயிகளும் நகரத்துக் குடும்பங்களும் நேரடியாகக் கைகோர்த்தார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டஸ்கிகீ பல்கலைக்கழகப் பேராசிரியர் புக்கர் டி. வாட்லி, சிறு விவசாயிகள் பிழைக்க வேண்டுமானால் முன்பணம் கட்டும் வாடிக்கையாளர் சங்கம் அமைக்க வேண்டும் என்று வலியுறுத்தி வந்தார். சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் இதே போன்ற முயற்சிகள் நடந்தன.

1986ல் அமெரிக்காவில் இரண்டு பண்ணைகள் இந்த முறையில் காய்கறி கொடுக்க ஆரம்பித்தன. ஒன்று, மாசசூசெட்ஸில் ராபின் வான் என் நடத்திய இந்தியன் லைன் பண்ணை. இன்னொன்று, நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள டெம்பிள்-வில்டன் சமூகப் பண்ணை. இரண்டுமே கடும் குளிர் பகுதியில் இருப்பவை. அதனால் 'குளிர்காலத்தில் என்ன செய்வது?' என்ற கேள்வி முதல் வருடத்திலிருந்தே இந்தப் பண்ணைகள் கூடவே வருகிறது.

குளிர்காலத்தில் செடி வளராததற்குக் குளிர் மட்டும்தான் காரணமா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் குளிரைவிடப் பெரிய பிரச்னை வெளிச்சம்.

சென்னையில் வருடத்தின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 வாக்கில் வரும். அன்றைக்குக்கூட சுமார் 11 மணி 20 நிமிடம் பகல் இருக்கும். வெர்மான்டின் பர்லிங்டன் நகரில் அதே நாளில் பகல் 9 மணி நேரத்தைக்கூடத் தொடாது.

பகல் 10 மணி நேரத்துக்குக் கீழே போய்விட்டால் பெரும்பாலான கீரை, காய்கறிச் செடிகளின் வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றுவிடும். செடி சாகாது, வளராது. மெய்ன் மாநிலத்தில் குளிர்கால விவசாயத்துக்குப் பெயர்பெற்ற விவசாயி எலியட் கோல்மன் இந்த நாட்களுக்கு ஒரு பெயர் வைத்தார்: 'பெர்செஃபனி நாட்கள்'. கிரேக்கப் புராணத்தில் பாதாள உலகத்துக்குப் போய்விடும் பெண் பெர்செஃபனி. அவள் திரும்பி வரும்வரை பூமியில் எதுவும் விளையாது என்பது கதை. மெய்ன், வெர்மான்ட் பகுதியில் இது தோராயமாக நவம்பர் முதல் வாரத்திலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரை.

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அந்த மூன்று மாதத்தில் எதையும் 'வளர்க்க' முடியாது. ஆனால் அதற்கு முன்பே வளர்ந்து தயாராக இருப்பதை வயலிலோ, கிடங்கிலோ 'வைத்திருக்க' முடியும். குளிர்காலக் காய்கறி என்பது குளிர்காலத்தில் வளர்வது அல்ல, குளிர்காலம்வரை தாங்குவது.

அதனால் குளிர்காலப் பைக்கான வேலை கோடையிலேயே முடிந்தாக வேண்டும். சேமிப்புக்கான கேரட்டை ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடுவுக்குள் விதைத்துவிட வேண்டும். ரெண்டு மூணு வாரம் தள்ளிப்போனால், பெருக்க வேண்டிய நேரத்தில் வெளிச்சம் இருக்காது. லீக் என்ற தண்டு வெங்காயத்துக்கு இன்னும் முன்னாடி, பிப்ரவரி-மார்ச்சிலேயே விதை போட வேண்டும்.

உறைபனி பட்டா காய்கறி இனிக்குமா?

ஆமாம், நிஜமாகவே இனிக்கும். இது வெறும் நம்பிக்கை அல்ல.

தண்ணீர் 0 டிகிரியில் உறையும். சர்க்கரை கலந்த தண்ணீர் உறைய இன்னும் கொஞ்சம் குளிர் வேண்டும். குளிர் வருவதை உணர்ந்ததும் சில செடிகள் தங்களிடம் இருக்கும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றி செல்களுக்குள் சேர்த்துக்கொள்ளும். உயிர் பிழைக்கச் செடி செய்யும் ஏற்பாடு அது. நம் நாக்குக்கு அது இனிப்பு.

கேரட், பார்ஸ்னிப், கேல் கீரை, பாலக்கீரை, பிரசல்ஸ் ஸ்ப்ரௌட்ஸ் எனப்படும் குட்டி முட்டைக்கோஸ் எல்லாமே இந்த ரகம். பார்ஸ்னிப் பார்க்க வெள்ளை கேரட் மாதிரி இருக்கும். அதை உறைபனிக்கு முன்னால் பிடுங்கவே கூடாது என்பது அங்குள்ள விவசாயிகளின் எழுதப்படாத சட்டம். வெர்மான்டின் அதிகாரபூர்வ மாநிலக் காய்கறியாக 2016ல் அறிவிக்கப்பட்ட கில்ஃபெதர் டர்னிப்பும் உறைபனி பட்ட பிறகுதான் ருசி. ஜப்பானின் நீகாட்டா பகுதியில் கேரட்டைப் பனிக்கு அடியிலேயே விட்டுவைத்து, குளிர்காலம் முடியும்போது தோண்டி எடுத்து, 'பனிக்கு அடியில் விளைந்த கேரட்' என்றே விற்கிறார்கள்.

ஆனால் தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய்க்கு இந்த வித்தை தெரியாது. ஒரே இரவு உறைபனி போதும், மறுநாள் காலையில் செடி கறுத்துத் தொங்கிவிடும்.

அப்போ பையில என்னதான் இருக்கும்?

குளிர்காலப் பங்கு கொடுக்கும் பண்ணைகளில் பொதுவாக இவை இருக்கும்:

* கேரட், பீட்ரூட், பார்ஸ்னிப், டர்னிப், முள்ளங்கி போன்ற கிழங்கு வகைகள்
* உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளிக்கிழங்கு
* வெங்காயம், பூண்டு, லீக்
* முட்டைக்கோஸ், நூல்கோல்
* தடித்த தோல் உள்ள பூசணி வகைகள் (பட்டர்நட் போன்றவை)
* பசுமைக்குடிலில் இருந்து கொஞ்சம் பாலக், கேல் கீரை

நவம்பரில் பை பலவிதமாக இருக்கும். பிப்ரவரி ஆக ஆக, 'மறுபடியும் பீட்ரூட்டா?' என்ற நிலைமை வந்துவிடும். பருவத்தோடு ஒட்டிச் சாப்பிடுவது என்பது கேட்க அழகு. ஆனால் நான்காவது வாரமும் டர்னிப்பைப் பார்க்கும்போதுதான் அதன் கஷ்டம் தெரியும். அதனால்தான் பல பண்ணைகள் பையோடு சமையல் குறிப்பும் சேர்த்துக் கொடுக்கின்றன. சில இடங்களில் 'வேண்டாததை வைத்துவிட்டு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு மாற்றுப் பெட்டியும் வைத்திருப்பார்கள்.

மாசக்கணக்குல எப்படி கெடாம வைக்கிறாங்க?

எல்லாவற்றையும் ஒரே குளிர்சாதன அறையில் அடுக்கினால் கதை முடிந்தது. ஒவ்வொரு காய்க்கும் ஒவ்வொரு தட்பவெப்பம் தேவை.

* கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ்: 0 டிகிரிக்குப் பக்கத்தில், 95 சதவீதத்துக்கும் மேல் ஈரப்பதம். காற்று காய்ந்தால் வதங்கிவிடும்.
* வெங்காயம், பூண்டு: அதே குளிர், ஆனால் ஈரப்பதம் 65-70 சதவீதம்தான் இருக்க வேண்டும். ஈரம் கூடினால் அழுகும்.
* உருளைக்கிழங்கு: சுமார் 4 டிகிரி, இருட்டு அறை. வெளிச்சம் பட்டால் பச்சை நிறமாகும். அது உடம்புக்கு ஆகாது.
* பூசணி: 10 முதல் 13 டிகிரி, காய்ந்த இடம்.
* சர்க்கரைவள்ளி: 13 முதல் 15 டிகிரி. அதற்கு முன்னால் சுமார் 30 டிகிரி வெப்பத்தில் சில நாட்கள் வைத்துத் தோலில் உள்ள காயங்களை ஆற வைக்க வேண்டும்.

இதில் நம் வீட்டு ஃப்ரிட்ஜுக்கும் உதவும் ஒரு விஷயம் இருக்கிறது. ஆப்பிளையும் கேரட்டையும் ஒன்றாக வைக்கக் கூடாது. ஆப்பிள் வெளிவிடும் எத்திலீன் வாயு பட்டால் கேரட் கசக்க ஆரம்பித்துவிடும்.

பசுமைக்குடில் எதுக்கு?

வளைந்த இரும்புக் குழாய்களின் மேல் பிளாஸ்டிக் தாள் போர்த்திய கூடாரம்தான் இந்தப் பசுமைக்குடில். பல பண்ணைகளில் இதற்குள் ஹீட்டர்கூட இருக்காது. உள்ளே செடிகளின் மேல் இன்னொரு மெல்லிய துணியைப் போர்த்துவார்கள். வீட்டுக்குள் போர்வை போர்த்திப் படுப்பது மாதிரி. இரண்டு அடுக்கு போதும், பாலக்கீரை மைனஸ் குளிரையும் தாண்டிவிடும்.

காலையில் போய்ப் பார்த்தால் கீரை கண்ணாடி மாதிரி உறைந்து கிடக்கும். அப்போது பறித்தால் வீணாகிவிடும். வெயில் ஏறி, இலை தானாக இளகும்வரை காத்திருந்துதான் பறிப்பார்கள்.

இதில் ஆபத்தும் உண்டு. ராத்திரியில் கனமான பனி கொட்டினால் எடை தாங்காமல் குடில் சரிந்துவிடும். அதனால் புயல் இரவுகளில் எழுந்து போய், கூரைப் பனியைத் தட்டிவிடுவதும் விவசாயியின் வேலைதான். அதே பனி வயலுக்கு மட்டும் நண்பன். அக்டோபரில் நட்ட பூண்டு, வைக்கோல் மூடாக்குக்கும் பனிக்கும் அடியில் பத்திரமாகத் தூங்கும். பனியே விழாமல் வெறும் குளிர் மட்டும் அடிக்கும் வருடம்தான் பூண்டுக்குக் கெட்ட வருடம்.

மாசாமாசம் அங்க என்ன வேலை?

அக்டோபர்: பூண்டு நடவு. காலி வயலில் ரை தானியத்தை விதைத்துவிடுவார்கள். குளிர்காலம் முழுக்க மண் அரித்துப் போகாமல் வேர் பிடித்துக்கொள்ளும்.

நவம்பர்: மண் உறைவதற்குள் கடைசிக் கிழங்கையும் தோண்டி எடுக்கும் ஓட்டம்.

டிசம்பர்: கிடங்கில் காய் கழுவுவது, அழுகியதைப் பொறுக்கி எடுப்பது, பை கட்டுவது. கோழி இருக்கும் பண்ணைகளில் முட்டை குறைந்துவிடும். கோழிக்கும் பகல் வெளிச்சம்தான் கணக்கு. விளக்கு போட்டு 'பகலை' நீட்டுகிறவர்களும் உண்டு, கோழிக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு.

ஜனவரி: விதை ஆர்டர், டிராக்டர் ரிப்பேர், எந்தப் பாத்தியில் எது என்ற திட்டம்.

பிப்ரவரி, மார்ச்: ஆப்பிள் மரக் கவாத்து, வெங்காய நாற்று. இரவில் உறைந்து பகலில் இளகும் அந்த நாட்களில் மேப்பிள் மரங்களில் பால் வடிப்பார்கள். சுமார் 40 லிட்டர் மரப்பாலைக் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு கிடைக்கும்.

சரி, பணம் ஏன் குளிர்காலத்துல கேட்கிறாங்க?

பண்ணையின் செலவு ஜனவரியில் தொடங்கிவிடும். வருமானமோ ஜூனில்தான் வரும். நடுவில் இருக்கும் ஐந்து மாதத்தை வழக்கமான விவசாயி எப்படித் தாண்டுவார்? கடன் வாங்கித்தான். வட்டி கட்டுவார். விளைச்சல் போனால் கடன் மட்டும் மிஞ்சும். இந்தக் கதை தமிழ் வாசகர்களுக்குப் புதிதல்ல.

சமூகப் பண்ணை உடைக்கப் பார்ப்பது இந்தச் சங்கிலியைத்தான். வங்கிக்குப் பதில் உறுப்பினர்கள் வட்டியில்லாமல் முன்பணம் கொடுக்கிறார்கள். டெம்பிள்-வில்டன் பண்ணை இன்னும் ஒரு படி மேலே போனது. பண்ணையின் வருடச் செலவை உறுப்பினர் கூட்டத்தில் வெளிப்படையாக வைப்பார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன்னால் முடிந்த தொகையைச் சொல்லும். மொத்தம் செலவுக்குக் குறைந்தால், இன்னும் கொஞ்சம் கூட்ட முடியுமா என்று பேசுவார்கள். அதிகம் கொடுத்தவர், குறைவாகக் கொடுத்தவர் என்ற பேதமில்லாமல் எல்லோரும் தேவையான காய்கறியை எடுத்துக்கொள்ளலாம்.

குளிர்காலப் பங்குக்கு இன்னொரு காரணமும் உண்டு. கோடையில் வேலை செய்யும் பணியாளர்களைக் குளிர்காலத்தில் நிறுத்திவிட்டால், அடுத்த வருடம் அவர்கள் திரும்பி வருவார்கள் என்ற உத்தரவாதம் இல்லை. டிசம்பரிலும் கொஞ்சம் வருமானம் இருந்தால் சிலருக்காவது வருடம் முழுக்கச் சம்பளம் கொடுக்க முடியும்.

பயிர் மொத்தமா போயிட்டா?

இதற்கு நிஜ உதாரணம் இருக்கிறது. பர்லிங்டன் நகரில் வினூஸ்கி ஆற்றங்கரையில் இருக்கும் இன்டர்வேல் பகுதியில் பல பண்ணைகள் இயங்குகின்றன. அவற்றில் ஒன்று, உறுப்பினர்களே கூட்டுறவாக நடத்தும் இன்டர்வேல் சமூகப் பண்ணை. 2011 ஆகஸ்டில் ஐரீன் புயலின்போது இந்தப் பகுதி வெள்ளத்தில் மூழ்கியது. 2023 ஜூலையில் மறுபடியும் மூழ்கியது.

ஆற்று வெள்ளம் வடிந்த பிறகு காய் பார்க்க நன்றாகவே இருக்கலாம். ஆனாலும் விற்க முடியாது. கழிவுநீர், ரசாயனம் கலந்திருக்கும் என்பதால், உண்ணும் பகுதியில் வெள்ளநீர் பட்ட பயிரை மனிதர் உண்ணத் தகாததாகவே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கருதுகிறது. மண்ணுக்குள் இருக்கும் கிழங்குக்கும் இது பொருந்தும்.

ஜூலை வெள்ளம் கோடைக் காயை மட்டும் அடித்துப் போவதில்லை. குளிர்காலக் கேரட்டை விதைக்கும் மாதமும் அதுதான். மண் காய்ந்து, கிருமி ஆபத்து குறையும்வரை விதைக்கவும் முடியாது. அதற்குள் பகல் சுருங்கிவிடும். அதாவது ஜூலையில் வந்த தண்ணீர் ஜனவரிப் பையையும் சேர்த்தே காலி செய்துவிடும்.

அந்த வருடக் குளிர்காலத்தில்தான் உண்மையான பரீட்சை. பாதி காலியான பையைப் பார்த்த உறுப்பினர், அடுத்த வருடத்துக்கும் பணம் கட்டுவாரா? கட்டினால் பண்ணை பிழைக்கும். 'ஏமாந்துட்டோம்' என்று விலகினால், வெள்ளத்தில் தப்பிய பண்ணைகூட வசந்தத்தில் மூடப்படலாம்.

எல்லாருக்கும் கட்டுப்படியாகுமா?

இந்த முறையின் பலவீனம் இங்கேதான். பல நூறு டாலரை மொத்தமாக முன்கூட்டியே கட்ட எல்லாக் குடும்பத்தாலும் முடியாது. ஏழைக் குடும்பங்களுக்கான அரசின் 'ஸ்னாப்' உணவு உதவித்தொகையில் கட்டலாமே என்றால், அதிலும் ஒரு சிக்கல். காய்கறி கைக்கு வருவதற்கு 14 நாளுக்கு முன்னால் அந்தப் பணத்தை வாங்கக் கூடாது என்பது விதி. பண்ணைக்குப் பணம் தேவைப்படுவதோ ஜனவரியில்.

தவணை முறை, வருமானத்துக்கு ஏற்ற கட்டணம், வசதியான உறுப்பினர்கள் மற்றவர்களுக்காகக் கூடுதலாகக் கட்டுவது என்று பல வழிகளைப் பண்ணைகள் முயல்கின்றன. பண்ணையில் வேலை செய்து கட்டணத்தைக் கழித்துக்கொள்ளும் ஏற்பாடும் சில இடங்களில் உண்டு. ஆனாலும் இடைவெளி முழுதாக அடைபடவில்லை.

நம்ம ஊர் உழவர் சந்தையும் இதுவும் ஒண்ணா?

இல்லை. தமிழ்நாட்டில் 1999ல் தொடங்கிய உழவர் சந்தையில் இடைத்தரகர் இல்லாமல் விவசாயி நேரடியாக விற்கிறார். அந்த வகையில் ஒற்றுமை உண்டு. ஆனால் சந்தையில் நாம் வாங்குவது விளைந்த காயை. விளையாமல் போனதன் நஷ்டம் முழுக்க விவசாயி தலையில்தான். சமூகப் பண்ணையில் விதைக்கும் முன்பே பணம் போய்விடுகிறது; நஷ்டமும் எல்லோருக்கும் பிரிகிறது.

அதனால்தான் அங்கே பண்ணை நன்றாக நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆகஸ்ட் மாதத் தக்காளிக் குவியலைப் பார்த்தால் போதாது. ஒன்றுமே விளையாத ஜனவரியில், வயல் முழுக்கப் பனி கிடக்கும்போது, எத்தனை குடும்பங்கள் அடுத்த வருடப் பங்குக்குப் பணம் கட்டுகின்றன என்று பார்க்க வேண்டும். பனிக்கு அடியில் இருக்கும் பூண்டு முளைத்து, ஜூலையில் அறுவடைக்கு வரும்போது அதைப் பிடுங்க ஆள் இருக்குமா என்பதை முடிவு செய்வது அந்த எண்ணிக்கைதான்.